எசமானின் குதிரையும் ஏழையின் நாயும்

மனிதனுக்கே மருந்து கிடையாத உலகிலே நாய்க்கும் பூனைக்கும் செய்யும் வைத்தியத்தைப் பற்றிக் கட்டுரை வரைவது அவசியந்தானா என்று நம் வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. செல்வர் மாளிகைகளில் மெத்தைமீது துயிலும் நாய்களைப் பற்றிய செய்திதான் இதுவெனில் நாமும் பேனாவை எடுத்திருக்கமாட்டோம். ஆனால், நாம் ஈண்டு ஆராயப் புகுவது நாயைப் பற்றியன்று. நோய் வந்தவிடத்து யாருக்கு வைத்தியம் உண்டு, யாருக்கு இல்லை என்பதை ஒரு சமுதாயம் எவ்வாறு தீர்மானிக்கின்றது என்பதைப் பற்றியே நாம் ஆராய்கின்றோம். மிருக வைத்தியத்தின் வரலாறு இவ்வினாவுக்கு மிகத் தெளிவான விடையைத் தருகின்றது.

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஏறக்குறையப் பாதி வீடுகளில் ஏதேனுமொரு செல்லப்பிராணி வாழ்கின்றது. 2016ஆம் ஆண்டுக்கும் 2023ஆம் ஆண்டுக்கும் இடையில் அந்நாட்டில் மிருக வைத்தியக் கட்டணங்கள் சராசரியாக 63 சதவீதம் உயர்ந்தன என்று போட்டி, சந்தைகள் அதிகாரசபை 2025 அக்டோபரில் வெளியிட்ட இடைக்கால முடிவிலே கூறியது. நாட்டின் பொதுவான விலையேற்றத்தை இது வெகுவாக விஞ்சிநின்றது. முன்னர் 100 பவுண் செலுத்திய இடத்தில் 163 பவுண் செலுத்த வேண்டியதாயிற்று. ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் மூதாட்டிக்கும், வாடகை அறையிலே தனித்து வாழும் தொழிலாளிக்கும் இவ்வுயர்வின் பொருள் யாது? பல ஆண்டுகள் துணையாயிருந்த பிராணி வைத்தியரின் மேசைமீது கிடக்கின்றது, பணமிருந்தாற் பிழைக்கும், இல்லையேல் ஊசியேற்றிக் கொல்லப்படும். குணப்படுத்தக்கூடிய நோயிருந்தும் பணமின்மையாற் கொல்லப்படுவதற்கு அங்குள்ள வைத்தியரிடையே ஒரு பெயரும் வழங்குகின்றது. பொருளாதாரக் கருணைக்கொலை என்பது அப்பெயர். அங்கே பொருளாதாரம் உண்டு, கொலையும் உண்டு. கருணை எங்கேயுள்ளது என்பதுதான் கேள்வி.

விஞ்ஞானம் வளர்ந்தது, அதனாற் செலவும் வளர்ந்தது என்பது வழக்கமாகக் கூறப்படும் சமாதானம். இதில் உண்மை இல்லாமலில்லை. எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, உணர்விழக்கச் செய்யும் மருந்துகள், நுட்பமான சத்திரசிகிச்சை ஆகியன யாவும் பணச்செலவுள்ளவையே. ஆயின், இதே விஞ்ஞானம் மனித வைத்தியத்திலும் வளர்ந்துள்ளது. அதே நாட்டில், அதே தெருவிலுள்ள மக்கள் வைத்தியசாலையிலிருந்து வெளியேறும் நோயாளியின் கையில் எவரும் கட்டணச் சீட்டைத் திணிப்பதில்லை. ஆகவே விஞ்ஞானத்தை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பொருந்தாது. விடையை உடைமையின் வரலாற்றிலேதான் தேட வேண்டும்.

நவீன மிருக வைத்தியம் ஜீவகாருண்யத்தின் குழந்தையன்று. 1761இல் பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்ஜெலா என்பவர் உலகின் முதலாவது மிருக வைத்தியப் பாடசாலையை நிறுவுவதற்கு அரசின் அனுமதியைப் பெற்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் மாட்டுக் கொள்ளைநோய் மந்தை மந்தையாகக் கால்நடைகளை அழித்துக்கொண்டிருந்தது. மாடு அழிந்தால் உழவு அழியும். உழவு அழிந்தால் வரி அழியும். மன்னனின் கருவூலம் கவலை கொண்டமையாலேயே பாடசாலை பிறந்தது.

இலண்டனில் மிருக வைத்தியக் கல்லூரி 1791இல் நிறுவப்பட்டது. அங்கே முதலிடம் பெற்றது குதிரை. குதிரை அன்று இயந்திரம், போக்குவரத்து, போர்க்கருவி. 1796இல் பிரித்தானியப் படையிலே குதிரைகளைப் பேணுவதற்கு மிருக வைத்தியர்கள் நியமிக்கப்படலாயினர். அதே 1796இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் நாய்களுக்கு வரி விதிக்கும் சட்டத்தையும் நிறைவேற்றியது. அவ்விவாதத்தின்போது ஏழைகள் நாய் வளர்ப்பதே வீண் என்றும், மனிதர் உண்ண வேண்டிய உணவை நாய்கள் தின்றுவிடுகின்றன என்றும் வாதிக்கப்பட்டது. ஒரே ஆண்டிற் படைக்குதிரைக்கு வைத்தியர் கிடைத்தார். நாய்க்கு வரி கிடைத்தது.

இக்காலத்து வைத்தியக் கட்டணத்துக்கு இயல்பான எல்லையொன்று இருந்ததை நாம் கவனித்தல் வேண்டும். குதிரையொன்றின் விலை 30 பவுணாயின், அதைக் குணப்படுத்துவதற்கு 40 பவுண் செலவிட எந்த உடைமையாளனும் முன்வரான். பிராணியின் சந்தை விலையே வைத்தியத்தின் உச்ச விலையாயிருந்தது. சந்தையில் விலையில்லாத பிராணிக்கு வைத்தியமும் இல்லை என்பது இதன் மறுபக்கம்.

சொத்துக்கு ஆபத்து நேர்ந்தபோது அரசு எவ்வளவு விரைந்து செயற்பட வல்லது என்பதை 1865ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு கோடையில் மாட்டுக் கொள்ளைநோய் பிரித்தானியாவிற் புகுந்தது. அரசு தனியானதொரு திணைக்களத்தையே அமைத்தது. 1866இல் நிறைவேறிய சட்டம் நோயுற்ற மாடுகளைக் கட்டாயமாகக் கொல்லவும், உரிமையாளருக்கு நட்டஈடு வழங்கவும் வழிசெய்தது. 1867இல் நோய் ஒழிந்தது. தனியாரின் விவகாரத்தில் அரசு தலையிடலாகாது என்று ஓயாது உபதேசித்த தாராண்மைவாதிகளின் பொற்காலம் அது. ஆயினும் நிலவுடைமையாளரின் மந்தைக்கு ஆபத்து வந்தபோது அவ்வுபதேசம் ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டது.

நாயின் நோய்களைப் பற்றிய அறிவு அன்று இல்லாமற் போகவில்லை. டெலபியர் பிளேன் 1817இலும், வில்லியம் யூவற் 1845இலும் நாய்களைப் பற்றிய வைத்திய நூல்களை வெளியிட்டனர். வேட்டை நாய்களையும் மடி நாய்களையும் வளர்த்த செல்வர்கள் அவ்வறிவினாற் பயனடைந்தனர். அறிவு இருந்தது, அதனை வாங்கும் சக்திதான் எல்லாரிடமும் இருக்கவில்லை.

கிழக்கு இலண்டனின் நெருக்கமான சந்துகளிலும் பிராணிகள் வாழ்ந்தன. கழுதை வண்டியிற் காய்கறி விற்பவனுக்குக் கழுதையே மூலதனம். எலிகள் மலிந்த குடியிருப்புக்குப் பூனை காவல். முயல் இறைச்சிக்கு உதவியது. நாயோ நாள் முழுதும் உழைத்துக் களைத்து வருபவனை வாலாட்டி வரவேற்கும் ஒரே உறவாகப் பல வீடுகளில் இருந்தது. இவை நோயுற்றபோது பட்டம் பெற்ற வைத்தியரை அழைக்க வழியில்லை. அயலிலுள்ள லாடக்காரனோ, கைமருந்து விற்பவனோ கொடுத்ததைக் கொடுத்தனர். பலவேளைகளில் ஒன்றுமே கொடுக்கவில்லை. 1906இல் இலண்டன் விக்டோரியாப் பகுதியில் ஏழைகளின் பிராணிகளுக்கென்று தரும வைத்தியசாலையொன்று திறக்கப்பட்டது. ஆனால் ஒரு வைத்தியசாலை எத்தனை சந்துகளுக்குப் போதும்?

முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மரியா டிக்கின் என்னும் பெண்மணி வைற்சப்பல் பகுதியில் ஒரு கட்டிடத்தின் நிலவறையில் இலவச மருந்தகமொன்றைத் திறந்தார். ஏழைகளின் இல்லங்களுக்குச் சென்று சமூகப்பணி புரிந்தபோது, அங்கே பரிகாரமின்றி வதையுறும் பிராணிகளை அவர் கண்டிருந்தார். எப்பிராணிக்கும் இலவசமாக வைத்தியம் செய்யப்படும் என்ற அறிவித்தல் வாசலில் வைக்கப்பட்டது. மக்கள் திரண்டு வந்தனர். ஏழைகளின் நோயுற்ற பிராணிகளுக்கான மக்கள் மருந்தகம் என்பது அதன் பெயர். சில ஆண்டுகளிற் குதிரை பூட்டிய மருத்துவ வண்டி ஊர் ஊராகச் செல்லலாயிற்று. பின்னர் மோட்டார் வண்டிகள் அப்பணியைத் தொடர்ந்தன. ஏழைகள் பிராணிகளைப் பராமரியாதோர், இரக்கமற்றோர் என்று மேல்வர்க்கத்தினர் கூறிவந்த பழிக்கு அந்த நிலவறை வாசலில் நின்ற கூட்டமே பதிலாயிற்று. அவர்களிடம் இல்லாதிருந்தது பணமேயன்றி இரக்கமன்று.

இம்மருந்தகம் விரைவிலேயே வைத்தியத் தொழிலாளரின் எதிர்ப்புக்கு ஆளானது. மிருக வைத்தியம் 1844இல் அரச பட்டயத்தின் மூலம் ஒரு தொழிலாக அங்கீகாரம் பெற்றிருந்தது. அப்பட்டயத்தின்படி அமைந்த அரச மிருக வைத்தியர் கல்லூரி என்பது பாடம் போதிக்கும் கல்லூரியன்று. வைத்தியரைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் சபை. 1881ஆம் ஆண்டுச் சட்டம் மிருக வைத்தியர் என்னும் பட்டப்பெயரைப் பதிவு பெற்றோருக்கே உரியதாக்கிற்று. டிக்கின் அம்மையாரின் மருந்தகங்களிற் பணிபுரிந்தோரோ பெரும்பாலும் பட்டம் பெறாது, அங்கேயே பயிற்றப்பட்டவர்கள். தகுதியற்றோர் வைத்தியம் செய்வது பிராணிகளுக்கே தீங்கு என்று பதிவுபெற்ற வைத்தியர்கள் வாதிட்டனர். வாதத்தில் நியாயமிருந்தது, அரைகுறை அறிவு ஆபத்தானதென்பதை மறுப்பவர் யார்? ஆயின் அவ்வாதத்துக்குப் பின்னே வருமானத்தைப் பற்றிய கவலையும் ஒளிந்திருந்தது என நாம் கருதுகின்றோம். ஏழைக்குத் தகுதியற்றவன் வைத்தியம் செய்யலாகாது என்றனர். தகுதி பெற்றவன் எவ்வாறு ஏழையிடம் வருவான் என்பதற்கு அவர்களிடம் மறுமொழி இருக்கவில்லை.

இனி 1948ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜூலை 5ஆந் திகதி பிரித்தானியாவிலே தேசிய சுகாதார சேவை ஆரம்பமாயிற்று. அதுவரை மனித வைத்தியமும் ஏறக்குறைய மிருக வைத்தியத்தைப் போலவேதான் இருந்தது. பணமுள்ளவன் வைத்தியரை வரவழைத்தான். பணமில்லாதவன் தரும வைத்தியசாலையின் வாசலிற் காத்திருந்தான். தொழிற்கட்சி அரசில் சுகாதார அமைச்சராயிருந்த அனைரின் பெவன், சுரங்கத் தொழிலாளியின் மகன். தானும் சுரங்கத்தில் உழைத்தவர். வைத்தியம் தருமமன்று, உரிமை என்னும் கொள்கை அவர் காலத்திற் சட்டமாயிற்று.

அதே 1948இல் மிருக வைத்தியர் சட்டமும் நிறைவேறியது. பதிவுபெறாதோர் மிருக வைத்தியம் புரிவதை அது சில விதிவிலக்குகளோடு தடைசெய்தது. பல்லாண்டு அனுபவமுள்ளோருக்கும், இலவசமாக வைத்தியம் செய்யும் சங்கங்களின் ஊழியர்களுக்கும் ஓரளவு இடமளிக்கப்பட்டது. தொழிலின் தரம் உயர இச்சட்டம் உதவியது. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் இரு சட்டங்களையும் அருகருகே வைத்து நோக்கும்போதுதான் வேறுபாடு புலனாகின்றது. மனித வைத்தியத்தில் அரசு தகுதியையும் உறுதிசெய்தது, செலவையும் பொறுப்பேற்றது. மிருக வைத்தியத்தில் யார் வைத்தியம் செய்யலாம் என்பதைச் சட்டம் வரையறுத்தது. யார் செலவைக் கொடுப்பது என்பதைச் சந்தைக்கும் தருமத்துக்கும் விட்டுவிட்டது.

யுத்தத்தின் பின்னர் குதிரை வீதியிலிருந்தும் வயலிலிருந்தும் மறைந்தது. மோட்டார் வண்டியும் உழவு இயந்திரமும் அதன் இடத்தைப் பிடித்தன. குதிரையை நம்பியிருந்த வைத்தியம் நாயையும் பூனையையும் நோக்கித் திரும்பிற்று. 1957இல் சிறுபிராணி வைத்தியர்களுக்கெனத் தனிச்சங்கம் பிரித்தானியாவில் அமைந்தது. இம்மாற்றம் வைத்தியத்தின் பொருளாதாரத்தையே தலைகீழாக்கியது. குதிரைக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. ஆகவே அதன் வைத்தியத்துக்கும் உச்ச விலையொன்று இருந்தது. தெருவிற் கண்டெடுத்த பூனைக்குச் சந்தையிலே ஒரு சதமும் பெறுமதியில்லை. அதை வளர்த்த குழந்தைக்கோ அதற்கு ஈடாக உலகில் வேறொன்றும் இல்லை. இங்கே கட்டணத்துக்கு எல்லை விதிப்பது பிராணியின் விலையன்று. மனிதனின் பாசமும் அவன் கடன்படும் சக்தியுமே. எல்லையற்ற பாசத்தைக் கண்டவிடத்து எல்லையற்ற இலாபத்தையும் காணும் கண் முதலாளித்துவத்துக்கு உண்டு.

அந்தக் கண் திறப்பதற்குச் சில தசாப்தங்கள் சென்றன. வைத்திய நிலையங்கள் அவற்றிற் பணிபுரிந்த வைத்தியர்களுக்கே சொந்தமாயிருந்தன. அவ்வைத்தியர்கள் எல்லாரும் புண்ணியவான்கள் என்று நாம் கூறவரவில்லை. ஆயினும் ஊரிலேயே வாழ்ந்த வைத்தியர் அண்டை வீட்டாரின் முகத்தை மறுநாளும் பார்த்தாக வேண்டும். தவணையிற் பெறுவதும், குறைத்து வாங்குவதும், சிலவேளை வாங்காமலே விடுவதும் அவருடைய கையிலிருந்தது.

1999இல் நிலைமை மாறிற்று. மிருக வைத்தியரல்லாதாரும் வைத்திய நிலையங்களைச் சொந்தமாக வைத்திருக்கலாம் என்று அவ்வாண்டு அனுமதிக்கப்பட்டது. தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டமோ 1966ஆம் ஆண்டுக்குரியது. அது தனிமனிதராகிய வைத்தியரைப் பதிவு செய்கின்றது; தவறிழைத்தால் விசாரிக்கின்றது; ஆனால் வைத்திய நிலையத்தின் உரிமையாளராகிய கம்பனியைக் கட்டுப்படுத்த அதிலே வழி வைக்கப்படவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு ஊசி பிடிக்கும் கை தெரிந்தது. அக்கையை இயக்கும் மூலதனம் தெரியவில்லை.

திறந்த கதவினூடாக மூலதனம் புகுந்தது. 2013இற் பெருங்குழுக்களுக்குச் சொந்தமாயிருந்த வைத்திய நிலையங்கள் ஏறக்குறைய 10 சதவீதமே. 2024 அளவில் அது ஏறக்குறைய 60 சதவீதமாயிற்று. ஆறு பெருங்குழுக்களே இவற்றுள் தலையானவை. சிலவற்றின் பங்குகள் இலண்டன் பங்குச் சந்தையிலே விற்கப்படுகின்றன. சில முதலீட்டு நிறுவனங்களின் வசமுள்ளன. சொக்கிளேற்றுக்குப் பெயர்பெற்ற மார்ஸ் கம்பனி 2018இல் இவற்றுள் ஒன்றை வாங்கிற்று. நாயுணவும் பூனையுணவும் விற்பதில் உலகின் முன்னணி நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. உணவு விற்பவனும் வைத்தியம் விற்பவனும் ஒருவனேயாகும் காலம் வந்துவிட்டது. வேடிக்கை யாதெனில், ஆறிலே நான்கு குழுக்கள் தாம் வாங்கிய நிலையங்களின் பழைய பெயர்ப்பலகையைப் பெரும்பாலும் மாற்றுவதேயில்லை. வாசலில் ஊர் வைத்தியரின் பெயர். உள்ளே தொலைவிலுள்ள பங்குதாரரின் கணக்குப் புத்தகம்.

2023 செப்டெம்பரில் அதிகாரசபை தன் ஆய்வைத் தொடங்கியபோது ஏறக்குறைய 56,000 பேர் கருத்துத் தெரிவித்தனர். ஐந்தில் நான்குக்கு மேற்பட்ட நிலையங்கள் தமது இணையப் பக்கங்களிற் கட்டண விபரம் எதையும் வெளியிடவில்லை என்பது தெரியவந்தது. பெருங்குழுக்களின் நிலையங்களிற் கட்டணம் தனி வைத்தியர்களுடையதைவிடச் சராசரியாக 16.6 சதவீதம் அதிகம் என்று 2025 அக்டோபர் முடிவு கூறிற்று. விலைப்பட்டியலை வெளியிட வேண்டும், உண்மையான உரிமையாளர் யாரென அறிவிக்க வேண்டும், மருந்துச் சீட்டு எழுதும் கட்டணத்துக்கு 16 பவுண் என உச்ச வரம்பு வேண்டும் என்பன அது முன்வைத்த பரிகாரங்களுட் சில. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும் விலையைத் தெரிந்துகொள்ளும் உரிமை வேறு, வைத்தியத்தைப் பெறும் உரிமை வேறு. பணமில்லாதவன் விலைப்பட்டியலை வாசித்து என்ன பயன்?

இவ்விடத்தில் வைத்தியர்மீது சினங்கொள்வது தவறாகும். கம்பனியின் சம்பளப் பட்டியலில் இன்று அவரும் ஓர் ஊழியரே. கட்டணத்தை அவர் நிர்ணயிப்பதில்லை. ஆனால் அக்கட்டணத்தைச் சொல்லும் வாய் அவருடையது. அழுகின்றவரின் முன்னிலையில் ஊசியேற்றும் கையும் அவருடையதே. 2024இல் தென் வேல்சிலே பெருங்குழுவொன்றுக்குச் சொந்தமான நிலையங்களின் வைத்தியர்களும் தாதிமாரும் ஏனைய ஊழியரும் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். கட்டணம் செலுத்துவோரும், சம்பளம் பெறுவோரும் ஒருங்கே குறைப்படுகின்றனரெனின், மிகுதி எங்கே செல்கின்றது என்பதை நம் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அரசின் பங்கு யாது? 1878 முதல் நாயொன்றுக்கு ஏழு சிலிங் ஆறு பென்சு அனுமதிக் கட்டணம் அறவிடப்பட்டது. பெரிய பிரித்தானியாவில் அது 1987இல் ஒழிந்தது. ஆனால் மிருக வைத்தியக் கட்டணத்தின்மீது 20 சதவீதம் பெறுமதிசேர் வரி விதிக்கப்படுகின்றது. மனித வைத்தியத்துக்கு அவ்வரி இல்லை. ஏழையின் பிராணிக்கு ஒரு பென்சும் கொடாத அரசு, அதன் நோயிலிருந்து வரியைப் பெற்றுக்கொள்கின்றது. அன்று நிலவறையிலே தோன்றிய மக்கள் மருந்தகம் இன்றும் ஏறக்குறைய 50 வைத்தியசாலைகளோடு பணியாற்றுகின்றது. அதனைத் தாங்குவது பொதுமக்களின் நன்கொடையே. நூறாண்டுகளுக்குப் பின்னரும் ஏழைக்கு எஞ்சியிருப்பது தருமத்தின் வாசலே.

எமது நாட்டு நிலையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. விசர்நோய்த் தடுப்பூசி நாய்களுக்கு அரசினால் இலவசமாக ஏற்றப்படுகின்றது. நாயின் நோய் மனிதனைக் கொல்லும் என்பதே காரணம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அரசாங்க மிருக வைத்தியர் உள்ளார். அவை பொருள் தரும் பிராணிகள். இவ்விரண்டிலும் அடங்காத நோயுடன் நாயொன்று படுத்தால், வளர்த்தவரின் பணப்பையே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றது. 1761இன் தருக்கம் இன்னும் மறையவில்லை.

நாம் தொடங்கிய வினாவுக்கு இனி விடை கூறலாம். மனிதனுக்கே மருந்தில்லாதபோது நாயைப் பற்றிப் பேசலாமா? பேசத்தான் வேண்டும். இலவச வைத்தியம் இல்லாத உலகம் எப்படியிருக்கும் என்பதை அறிய நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மிருக வைத்தியசாலையின் வாசலில் ஒரு மணிநேரம் நின்றாற் போதும். 1948க்கு முன் பிரித்தானியத் தொழிலாளி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்தகைய அச்சத்தோடு நின்றானோ, அதே அச்சத்தோடு இன்று அவனுடைய பேரன் தன் நாயைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றான். குழந்தையை அந்த வரிசையிலிருந்து மீட்டது சந்தையின் கருணையன்று. தொழிலாளர் இயக்கத்தின் போராட்டமே. இலவசக் கல்வியினாலும் இலவச வைத்தியத்தினாலும் உருவான நம் ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை மறத்தலாகாது. வைத்தியசாலையின் கதவை மூலதனத்துக்கு ஒருமுறை திறந்துவிட்டால் பதினைந்து, இருபது ஆண்டுகளில் என்ன நிகழும் என்பதற்கு 1999க்குப் பிந்திய பிரித்தானிய மிருக வைத்தியம் சாட்சி. அங்கே இன்று விலைபேசப்படுவது நாயின் உயிர். நாளை விலைபேசப்படுவது எவருடைய உயிர் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு நம்முடையது.